பெயரும் பொருளும்: மாவோரி மரபுக்கலை வடிவங்களுக்குப் பொருள் கூறும் முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய மரபுக்கலையில் இடம்பெறும் வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை நேர்நிறுத்திப் பட்டியலிடும் போக்கு இன்று பரவலாக உள்ளது. ஒரு வடிவத்தின் பெயரை அதன் பொருளாகக் கொண்டதிலிருந்து இப்போக்கு தொடங்கியது என்பது இக்கட்டுரையின் வாதம். செதுக்குவேலை, கூரைச்சட்ட ஓவியம், கட்டுப்பின்னல் பலகை, முகப்பச்சை ஆகியவற்றிலிருந்து எடுத்துக்காட்டுகள் கொண்டு இவ்வாதம் நிறுவப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: மாவோரிக் கலை, கோரு, கோஃபைஃபை, துக்குதுக்கு, மோக்கோ, தே ஹாவ் கி தூரங்கா, குறிப்பொருள்.

முன்னுரை

நியூசிலாந்தில் பச்சைக்கல் பதக்கம் வாங்குவோருக்குப் பதக்கத்தோடு ஒரு சிற்றட்டையும் தருவது வழக்கம். கோரு எனப்படும் சுருள் வடிவம் புதுவாழ்வையும் வளர்ச்சியையும் குறிக்கும். தூண்டில் வடிவம் வளத்தையும் கடற்பயணத்தில் காப்பையும் குறிக்கும். முறுக்கு வடிவம் இருவரிடையே உள்ள அழியாப் பிணைப்பைக் குறிக்கும் என அதில் அச்சிடப்பட்டிருக்கும். பயணக் கையேடுகளும் பொதுவாசகர்க்கான அறிமுக நூல்களும் சிறு சொல்மாற்றங்களுடன் இவற்றையே திரும்பச் சொல்கின்றன. மாவோரிக் கலையைப் பற்றி முதன்முதலாகப் படிக்கும் ஒருவருக்கு அது ஓர் எழுத்துமுறை போலவும், நெடுங்கணக்கைக் கற்றால் எவரும் வாசித்துவிடலாம் என்பது போலவும் தோன்றுவது இதனால்தான்.

இப்பட்டியலில் மிக வலுக்குறைந்த கண்ணியை முதலில் சுட்டலாம். முறுக்கு வடிவப் பதக்கம் பழைய மாவோரிப் பச்சைக்கல் அணிகளில் காணப்படுவதில்லை. மணற்கல்லால் தேய்த்தும் கைத்துளைக்கருவியால் துளையிட்டும் மிகக் கடினமான கல்லை உருவாக்கிய காலத்தில் அத்தகைய வளைவை வெட்டியெடுப்பது அரிது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இயந்திரக் கருவிகள் கைவந்த பின்னர் பரவிய வடிவம் அது. அதற்குத் தொன்மையான பொருள் ஒன்று கூறப்படுவது பொருள்கூறும் முறையின் மீதே ஐயத்தை எழுப்புகிறது. வடிவம் புதிது என்பதில் குறை ஏதுமில்லை. மாவோரிக் கலை ஒருபோதும் உறைந்து நின்றதன்று. புதிய வடிவத்திற்குப் பழைய அகராதி ஒன்றிலிருந்து பொருள் எடுத்துத் தருவதாகக் காட்டிக்கொள்வதே சிக்கல். அந்த அகராதி எங்கிருந்து வந்தது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு சொல். தமிழில் மொழிக்கு முதலாக அரிதினும் அரிதாக வரும் ஙகரம் மாவோரி மொழியில் தாராளமாக முதலில் வரும். ஆகவே அப்பெயர்களை நகரமாக்காமல் ஙகரத்தாலேயே இங்கு எழுதியுள்ளேன். நம் எழுத்து அதற்கு இடங்கொடுக்கும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியே சுற்றிவர வேண்டியதில்லை.

பெயர் பட்டியல் உருவான வரலாறு

1769 அக்டோபரில் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் வட தீவின் கிழக்குக் கரையில் தூரங்காநுயி பகுதியை அடைந்தது. கரையில் நிகழ்ந்த முதற்சந்திப்பில் மாவோரியர் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். சில நாள்களில், கரைக்கு அப்பால் கப்பலை நெருங்கிய படகுகளில் இருந்தோர் தம் துடுப்புகளையே பண்டமாற்றாகக் கொடுத்தனர். சிவப்புக் காவி பூசிய பரப்பில் வெள்ளைச் சுருள்கள் எழும் அத்துடுப்புகளைக் கப்பலில் இருந்த ஓவியர் சிட்னி பார்க்கின்சன் வரைந்து வைத்தார். கோஃபைஃபை எனப்படும் சுருளோவியத்திற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய காலவரையறை கொண்ட சான்றுகள் இவையே. வடிவங்கள் பதிவாயின, அவற்றின் பெயர்கள் பதிவாகவில்லை. அவற்றைப் பற்றி அவற்றைத் தீட்டியோர் என்ன கூறினர் என்பதும் பதிவாகவில்லை.

பெயர்கள் பதிவானது ஏறக்குறைய 130 ஆண்டுகள் கழித்து. அகஸ்டஸ் ஹாமில்டன் 1896 முதல் 1901 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட மாவோரிக் கலை பற்றிய பெருநூலில், ஹெர்பர்ட் வில்லியம்ஸ் வரைந்து திரட்டிய கூரைச்சட்ட வடிவங்கள் வண்ணத்தில் இடம்பெற்றன. பலவற்றின் அருகே மாவோரிப் பெயர்களும் தரப்பட்டன. சுத்தியல்தலைச் சுறாவின் பெயரைக் கொண்ட மாங்கோபாரே இன்று எல்லாரும் அறிந்த ஒன்று. இதே வில்லியம்ஸ், தம் பாட்டனார் தொடங்கிய மாவோரி மொழி அகராதியின் 1917ஆம் ஆண்டுப் பதிப்பைத் திருத்தி வெளியிட்டவர். கூரைச்சட்டப் பட்டியலைத் தொகுத்தவர் அகராதியாளராகவும் இருந்தது தற்செயல். எனினும் பின்வந்தோர் அப்பட்டியலை அகராதியாகவே படித்தது தற்செயலன்று.

ஹாமில்டன் நூலில் உள்ளவை பெயர்கள். ஒரு வடிவம் மாங்கோபாரே என அழைக்கப்படுகிறது என்பது ஒரு செய்தி. அது வீரத்தையும் விடாமுயற்சியையும் குறிக்கிறது என்பது வேறொரு செய்தி. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல இடையே ஒரு படி தேவை: சுறா இறுதிமூச்சு வரை போராடும் என்னும் வழக்குக் கூற்று, அதை இவ்வடிவத்தோடு பொருத்திச் சொல்லும் ஒருவர், அவர் அதைச் சொல்லும் ஒரு வீடு. பட்டியல் இந்தப் படியை விழுங்கிவிடுகிறது.

கோரு என்னும் சொல்லே இதற்கு நல்ல சான்று. மடிந்தது, சுருண்டது என வடிவின் இயல்பைச் சொல்வது அச்சொல். பெரணியின் இளங்குருத்துக்கெனத் தனியே பீதாவ் என்றொரு சொல் உண்டு. படகின் முகப்பில் துளைத்துச் செதுக்கப்படும் பெருஞ்சுருள்களும் அப்பெயர் பெறும். குருத்தோடு கோருவை இணைப்பது தவறன்று. மாவோரியரே அவ்வாறு இணைக்கின்றனர். ஆனால் அவ்விணைப்பு எந்தத் திசையில் பொருள் தருகிறது என்று பார்க்கவேண்டும். பெரணியின் ஒரு குருத்து மடிந்தால் இன்னொன்று எழும் என்று ஒரு மாவோரிப் பழமொழி உண்டு. அது வழங்கும் இடம், ஒரு தலைவர் இறந்து இன்னொருவர் அவ்விடத்திற்கு வரும் சூழல். அங்கே குருத்து ஒரு வழிமுறையின் தொடர்ச்சி. கடை அட்டையிலோ அது வாங்குபவரின் தனிவாழ்வில் வரப்போகும் நல்ல தொடக்கம். முன்னோரும் பின்னோரும் அகன்றபின் எஞ்சியதே அந்தப் 'புதுவாழ்வு'.

வடிவம் எது என்பதே அத்துணை எளிதன்று என்பதையும் இங்கே கூறிவிடலாம். பெரும்பாலான கோஃபைஃபையில் சிவப்பும் கருப்புமே தீட்டப்படுகின்றன. வெள்ளைச் சுருள் தீட்டாமல் விடப்பட்ட பரப்பு. கண் ஒருமுறை வெள்ளையைப் பின்தொடரும், மறுமுறை சிவப்பை. தனியொரு கோருவை வெட்டி எடுத்துப் பக்கத்தின் நடுவில் வைக்கும்போதே அது சட்டத்தின் நீளத்தில் தன்னைத் தொடர்ந்து வரும் மற்றொன்றோடு கொண்ட உறவை இழந்துவிடுகிறது.

இடமும் கதையும்

செதுக்குவேலையில் வரும் பரப்புவேலைப்பாடுகளுள் தாராதாரா-ஆ-கயே என்பது ஒன்று. பற்கள் போன்ற வெட்டுகள் வரிசை வரிசையாக வளைந்து செல்வது. பட்டியலில் சேர்ப்பதானால் 'கயேயின் பற்கள்' என்று எழுதலாம். 'வஞ்சகம்' என்று எழுதினாலும் வியப்பில்லை. கதை இது. தினிராவ் என்பவனின் குழந்தைக்குச் சடங்கு செய்ய வந்த கயே, ஊர் திரும்ப அவனுடைய வளர்ப்புத் திமிங்கிலமான துத்துநுயியைக் கேட்டுப் பெற்றான். கரை சேர்ந்ததும் திமிங்கிலத்தைக் கொன்று சமைத்து உண்டான். தினிராவின் வீட்டுப் பெண்கள் அவனைத் தேடிச் சென்றனர். ஆடியும் பாடியும் கூடியிருந்தோரைச் சிரிக்கவைத்தனர்; வாய்திறந்து சிரித்தவனின் கோணற்பற்களால் கயே அடையாளம் காணப்பட்டான். உறங்கும்போது தூக்கிவரப்பட்டுக் கொல்லப்பட்டான்.

இவ்வேலைப்பாடு சிறப்பாக அமைவது பாத்தக்கா எனப்படும், தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய உணவுக் களஞ்சியத்தில். பெரிய களஞ்சியங்களின் முகப்புச் சரிவுப் பலகைகளில் திமிங்கிலத்தின் உடல் ஒரு பெருஞ்சுருளில் முடிவதாகச் செதுக்கப்படுவதும் உண்டு. உணவு நிறைந்த வீட்டின் முகப்பில் திமிங்கிலம். அதன்மேல், விருந்தளித்தவனின் திமிங்கிலத்தைத் தின்றவனின் பற்கள். தலைவனின் செல்வத்தையும் விருந்தோம்பலையும் காட்டும் இடத்திலேயே, விருந்தைக் கொச்சைப்படுத்தியவனின் முடிவும் நினைவூட்டப்படுகிறது. இப்பொருள் வெட்டுக்கோடுகளில் மட்டும் இல்லை. களஞ்சியம், திமிங்கிலம், கதை, கதையை அறிந்த விருந்தினர் ஆகிய நான்கும் கூடிய இடத்தில் அது பிறக்கிறது. இதே வேலைப்பாட்டை ஒரு நகைப்பெட்டியின் மூடியில் செதுக்கினால் பெயர் மாறாது. பொருள் அதனோடு வந்துசேரும் என்று கூறமுடியாது.

கூட்டமன்றங்களின் சுவர்களில் செதுக்குத்தூண்களுக்கு இடையே துக்குதுக்கு என்னும் பலகைகள் அமையும். கிடையாக வைத்த மெல்லிய மரச்சட்டங்களோடு நிலைக்குத்தான தண்டுகளை ஆளிவகை நார்ப்புல்லாலும் மஞ்சள்நிறப் புல்லாலும் கட்டி உருவாக்குவது. முன்னும் பின்னும் இருவர் அமர்ந்து நாரைக் கோத்து வாங்குவர். மரபாகப் பெண்களின் கைவேலை. இதில் போவ்தாமா எனப்படும் படிக்கட்டு வடிவம் எல்லாப் பட்டியல்களிலும் காணப்படும். விண்ணுலகுக்கு ஏறி அறிவின் மூன்று கூடைகளைக் கொண்டுவந்த ஏற்றம் என்பது அதன் விளக்கம். ஏறியவர் யார் என்று கேட்டால் விடை குடிக்குக் குடி மாறும். சில ஈவிகள், அதாவது குடிகள், தானே என்னும் தெய்வத்தைச் சொல்லும். வேறு சில தாஃபாக்கி என்னும் வீரனைச் சொல்லும். படிகளைத் தலைமுறைகளாகவும், கல்வியின் நிலைகளாகவும் கொள்வோர் உண்டு. ஆய்வாளர் சிலர் இம்மாறுபாட்டை மரபு சிதைந்ததன் அடையாளமாகக் காண்பர். எந்தக் குடியின் வீட்டில் அமர்ந்து பேசுகிறோம் என்பதைச் சொல்லும் பணியையே இம்மாறுபாடு செய்கிறது என்பது என் கருத்து. ஏறியவன் பெயரை நீக்கிவிட்டு 'அறிவுத்தேடல்' என்று பொதுமைப்படுத்தும்போது யாருக்கும் மறுப்பிருக்காது. யாருடையதாகவும் அது இருக்காது.

கிழக்குக் கரைக்கு உரிய ரோயிமாத்தா தோரோவா, அதாவது அல்பட்ராஸ் பறவையின் கண்ணீர், இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கொண்டுவரச் சென்ற போவ்ரங்காஹுவா, ருவாகபங்கா இரவல் தந்த இரு பெரும்பறவைகளின் மீது ஊர் திரும்பினான். கூறப்பட்ட நெறிகளைப் பேணாமல் அப்பறவைகளைத் துன்புறுத்தினான். மேலிருந்து கீழாகத் துளித்துளியாக இறங்கும் கட்டுகள் அவற்றின் கண்ணீர். பட்டியல்களில் இது 'துயரம்' என்றோ 'பயண இடர்' என்றோ சுருங்கிவிடும். உள்ளே இருப்பதோ ஒரு பயிர் அம்மண்ணுக்கு வந்த வரலாறு. அதற்கு ஈடாகச் செலுத்தப்படாத நன்றிக்கடன்.

எழுத்தாகவே அமைந்த ஒன்று

மோக்கோ எனப்படும் முகப்பச்சை இவ்வாதத்திற்கு முதற்பார்வையில் எதிராக நிற்பது. அங்கே வடிவம் உண்மையாகவே வாசிக்கப்பட்டது. 1820களில் இங்கிலாந்தின் லிவர்பூலுக்குச் சென்ற ஙாத்தி தோவாக் குடித்தலைவர் தே பேஹி கூப்பே, கண்ணாடியின் துணையின்றித் தம் முகத்தின் மோக்கோவை நினைவிலிருந்தே தாளில் வரைந்தார். அவ்வரைவு 1830இல் அச்சாகியும் விட்டது. 1840ஆம் ஆண்டின் வைத்தாங்கி உடன்படிக்கையில் தலைவர்கள் பலர் தம் மோக்கோவின் ஒரு பகுதியைக் கையொப்பமாக இட்டனர்.

ஆனால் இங்கே வாசிக்கப்பட்டது எது? நெற்றிச் சுருளுக்கு ஒன்று, கன்னச் சுருளுக்கு ஒன்று எனப் பொதுப்பொருள்களைக் கூட்டி எவரும் தே பேஹி கூப்பேயை அடையவில்லை. அவரை அறிந்தோர், அவர் மரபை அறிந்தோர், அம்முகத்தில் அவரைக் கண்டனர். சிறப்புப் பெயருக்கு அகராதிப் பொருள் கொள்வது எவ்வளவு பயன்படுமோ அவ்வளவே இங்கும் பயன்படும். இன்று மாவோரியர் மோக்கோ என்னும் சொல்லைத் தம் மரபுவழியைத் தாங்கும் பச்சைக்கு வைத்துக்கொண்டு, அத்தகைய வழி இல்லாதவர் குத்திக்கொள்ளும் அதே பாணிப் பச்சையைக் கிரிதுஹி என வேறு பெயரால் அழைக்கின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம்.

தமிழ் ஆய்வாளர்க்கு நியூசிலாந்து என்றதும் நினைவுக்கு வருவது தமிழ் மணி. 1836 அளவில் வில்லியம் கொலென்சோ வட நிலப்பகுதியில் மாவோரியரிடம் கண்டெடுத்த, முகைதீன் பக்சு என்பாரின் கப்பலுக்குரியதென்று தமிழெழுத்துப் பொறித்த வெண்கல மணியின் உடைந்த பகுதி அது. அதில் அவர்கள் உருளைக்கிழங்கு வேகவைத்து வந்தனர். தமிழர் அங்கே சென்றனரா என்னும் ஊகங்கள் இம்மணியைச் சுற்றி ஏராளமாக எழுந்தன. அவை இங்கே நமக்குத் தேவையில்லை. ஒரு கப்பலின் பெயரைச் சொல்லும் எழுத்து, அதை வாசிப்போர் இல்லாத இடத்தில் பானையின் விளிம்பு வேலைப்பாடாக நின்றது. கடை அட்டைகளில் நடப்பது இதன் மறுதலை. வேலைப்பாடு அதன் உறவுகளிலிருந்து பிரிந்த இடத்தில் எழுத்தாகிவிடுகிறது. அம்மணி இன்று இருப்பது வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில். அடுத்துப் பேசவிருக்கும் வீடும் அங்கே வைக்கப்பட்டதே.

தே ஹாவ் கி தூரங்கா

1840களின் தொடக்கத்தில் ரோங்கோஃபக்காட்டா குடியின் தலைவரும் சிற்பியுமான ராஹருஹி ருக்குப்போ, மறைந்த தம் அண்ணனின் நினைவாக, இன்றைய கிஸ்போர்ன் நகருக்கு அண்மையில் உள்ள மானுதுக்கே பகுதியில் இக்கூட்டமன்றத்தை உருவாக்கினார். இரும்புக் கருவிகள் வந்துசேர்ந்த காலத்தின் துணிவு அதன் செதுக்கல்களில் தெரிகிறது. உயர்ந்த புடைப்பு, நெருங்கிய பரப்புவேலை.

இவ்வகை வீடு முன்னோர் ஒருவரின் உடல். முகட்டு உத்தரம் முதுகெலும்பு. கூரைச்சட்டங்கள் விலா எலும்புகள். முகப்பின் சரிவுப் பலகைகள் விரித்த கைகள். அவற்றின் நுனி விரல்கள். முதுகெலும்பின் நீளத்திற்கு இடையறாது ஓடும் கோஃபைஃபை, ஃபக்கபாபா என்னும் வழிமுறைத் தொடரோடு இணைத்துப் பேசப்படுவதற்கு அது தீட்டப்பட்ட உறுப்பே காரணம். கோரு இங்கே பொருள் பெறுவது முதுகெலும்பில் இருப்பதனால்.

சுவரோரத் தூண்களில் நிற்போர் பெயருடைய முன்னோர். அவர்களை எவ்வாறு இனங்காண்பது? பெரும்பாலானவற்றில் முகமும் உடலும் ஒரே மரபு வாய்பாட்டில் அமைந்தவை. மூன்று விரல் கைகளும் அவ்வாய்பாட்டின் கூறே. முதற்சிற்பிக்கு மூன்று விரல்களே இருந்தன என்பது போன்ற விளக்கங்கள் பல உண்டு; விளக்கங்களின் எண்ணிக்கையே எதுவும் முடிந்த முடிபன்று என்பதைக் காட்டும். யார் எந்தத் தூணில் நிற்கிறார் என்பதை வீட்டார் அறிவர். கூட்டத்தில் எழுந்து பேசுவோர் அறிவர். ருக்குப்போ தம் உருவையும் ஒரு பலகையில் செதுக்கினார். அவ்வுருவில் மட்டும் முகம் இயற்கைத்தன்மையோடு, முழு மோக்கோவுடன் அமைந்துள்ளது. முன்னோர் வரிசையில் உயிரோடிருக்கும் ஒருவர் நிற்கும்போது வாய்பாடு போதாது என அவர் எண்ணியிருக்கலாம். அவ்வீட்டின் மிக நுட்பமான கலைத்தீர்வு அதுவே எனக் கருதுகிறேன்.

1867இல் அரசின் சார்பில் வந்த ஜே. சி. ரிச்மண்ட் இவ்வீட்டைப் பிரித்தெடுத்துக் கப்பலில் வெலிங்டனுக்குக் கொண்டுசென்றார். ருக்குப்போ நாடாளுமன்றத்திற்கு முறையீடு செய்தார்; வீடு திரும்பவில்லை. காட்சிக்கூடத்தில் அது அங்குள்ள இடத்திற்கேற்ப அமைக்கப்பட்டது. 1930களின் நடுப்பகுதியில், புதிய அருங்காட்சியகக் கட்டடத்திற்காக ஆபிரானா ஙாட்டாவின் மேற்பார்வையில் மீளமைக்கப்பட்டபோது துக்குதுக்குப் பலகைகள் பெண்களால் புதிதாகக் கட்டப்பட்டன.

ஙாட்டாவின் பங்கை மதிப்பிடுவது எளிதன்று. அவர் முயற்சியால் 1927இல் ரோட்டருவாவில் செயல்படத் தொடங்கிய மாவோரிக் கலைப் பள்ளி இல்லையேல், பைன் தையாப்பா, ஹோனே தையாப்பா உடன்பிறந்தார் போன்ற சிற்பிகளும் நாடெங்கும் எழுந்த பல வீடுகளும் இல்லை. அதே வேளையில், பல குடிகளுக்கும் பொதுவாகக் கற்பிக்கத்தக்க ஒரு தொகுதியை அப்பள்ளி நாடியது. கோஃபைஃபைக்கு ஹாமில்டன் நூலின் வண்ணப்பக்கங்கள் கையேடாயின. ஒரு வட்டாரத்தில் ஒருவர் தந்த பெயர் நாடு முழுமைக்கும் உரிய பெயராக நிலைபெற்றது. மீட்பு முயற்சி ஒவ்வொன்றும் இத்தகைய விலையைக் கொடுத்தே நடக்கிறது. விலை கொடுக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு, விளைந்த தொகுதியை ஆதித்தொகுதியாகக் கொள்வதே திறனாய்வில் நேரும் பிழை.

ஆய்வாளர் நிலைப்பாடுகள்

பழைய ஆய்வுகள் பெரிதும் தோற்ற ஆராய்ச்சியில் நின்றன. மனாயா என்னும் பக்கத்தோற்ற உருவைப் பறவைத்தலை மனிதனாகக் கண்டோரும், மனித முகத்தின் பாதியே அது என்று நிறுவ முயன்ற கில்பர்ட் ஆர்ச்சியும் நடத்திய விவாதம் இதற்கு எடுத்துக்காட்டு. வடிவம் எதிலிருந்து வந்தது என்பதை அறிந்தால் அது எதைக் குறிக்கிறது என்பது தெரிந்துவிடும் என்னும் எண்ணம் அவ்விவாதத்தின் அடியில் கிடக்கிறது. தே ரங்கி ஹீரோவா, ஹேய் திக்கி பதக்கத்தின் குறுகிய உடலமைப்புக்குக் கல்லின் கடினத்தையும் கோடரிக்கல் வடிவையும் காரணமாகக் காட்டி, அதனை மகப்பேற்றுத் தாயத்தாக விளக்குவதை ஏற்க மறுத்தார். மாவோரியராகவும் மருத்துவராகவும் மானிடவியலாளராகவும் இருந்தவரின் எச்சரிக்கை அது. கடை அட்டைகளை அது எட்டவில்லை.

ரோஜர் நெய்க் 1993இல் வெளியிட்ட வீட்டோவிய ஆய்வு இத்துறையில் திருப்புமுனை. ஓவியங்களை வட்டாரவாரியாக, வீடுவாரியாக, ஓவியர்வாரியாகப் பிரித்து, அரசியல் சூழலோடு வைத்துக் காட்டினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தே கூட்டியின் இயக்கத்தோடு தொடர்புடைய வீடுகளில், உருவ ஓவியங்கள் பெருகின. அவருக்காக 1887இல் வைத்துஹியில் எழுப்பப்பட்ட ரோங்கோபாய் வீட்டில் செடிகளும் மனிதரும் வண்ணவண்ணமாகத் தீட்டப்பட்டனர். மாவோரிக் கலை தன் காலத்து நிகழ்ச்சிகளை நேரடியாகப் பேசமுடியும் என்பதற்கு இவ்வீடு போதும். இவ்வீட்டுக்குப் பட்டியல் எழுத இதுவரை எவரும் முயலாதது நல்வாய்ப்பு.

நெய்க்கின் தரவுகளைப் பயன்படுத்திய ஆல்ஃபிரெட் ஜெல், தம் மறைவுக்குப்பின் 1998இல் வெளிவந்த நூலின் இறுதிப் பகுதியில், கலைப்பொருளை மொழிபோல் வாசிக்கும் முறையையே மறுத்தார். கூட்டமன்றங்கள் அனைத்தும் காலத்தில் பரந்து கிடக்கும் ஒரே பேருருவின் உறுப்புகள்; அவை எதையும் குறிப்பதில்லை, செயல்படுகின்றன என்றார். பட்டியல் முறைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு இல்லை. ஆயினும் ஜெல்லோடு முழுவதும் உடன்படமுடியவில்லை. கயேயின் பற்கள் களஞ்சியத்தில் செயல்படுவது கயேயின் கதை சொல்லப்படுவதால்தான். அண்டைக் குடியை மலைக்கவைக்கும் ஆற்றல் வீட்டுக்கு உண்டு என்பது மெய். தூணில் நிற்பவரின் பெயர் தெரியாவிடில் அம்மலைப்பு எதைப் பற்றியதாகும்? சொல்லை நீக்கிவிட்டுச் செயலை மட்டும் வைத்துக்கொள்வது, இடத்தை நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளும் அட்டைக்காரரின் செய்கைக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

பொருளும் உரிமையும்

இவ்விவாதம் சட்டத்திற்குள்ளும் புகுந்துவிட்டது. கோரு 1973 முதல் நியூசிலாந்தின் தேசிய விமான நிறுவனத்தின் வால்பகுதிச் சின்னம். கார்டன் வால்டர்ஸ் என்னும் ஐரோப்பிய வழியினரான ஓவியர், 1950களிலிருந்து கோருவின் வளைவை நிமிர்த்தி, பட்டையும் வட்டமுனையுமாக்கி, கருப்பு வெள்ளை அருவ ஓவியங்களை உருவாக்கினார். 1992இல் ரங்கிஹீரோவா பானோஹோ, மாவோரிப் பண்பாட்டின் உள்ளடக்கத்தைக் களைந்துவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டதாக அவரைக் குறைகூறினார். வால்டர்ஸை ஆதரித்தோர் அவ்வோவியங்களின் தூய்மையை எடுத்துக்காட்டினர். ஒரு வகையில் வால்டர்ஸ் கடை அட்டையைவிட நேர்மையானவர் என்பேன். வடிவத்தை எடுத்தார், பொருளையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லவில்லை.

1991இல் தொடுக்கப்பட்ட வை 262 என்னும் வழக்கில் வைத்தாங்கித் தீர்ப்பாயம் 2011இல் அறிக்கை அளித்தது. அவ்வறிக்கை கலைப்படைப்புகளை இருவகையாகப் பிரிக்கிறது. தனக்கென வழிமுறையும் சொல்வழக்கும் உயிரோடிருக்கும் காவலரும் உடையவை ஒரு வகை. மாவோரிச் சாயல் மட்டுமே கொண்டு, குறிப்பிட்ட காவலர் எவரும் இல்லாதவை இன்னொரு வகை. முதல்வகையைப் பயன்படுத்துவதற்கு உரியோரின் சொல் வேண்டும். இரண்டாம் வகைக்கு அவ்வளவு காப்பு இல்லை. 2002ஆம் ஆண்டின் வணிகச்சின்னச் சட்டமும் மாவோரிக் கூறுகளுள்ள சின்னங்களை ஆய்ந்துரைக்க ஓர் அறிவுரைக்குழுவை ஏற்படுத்தியுள்ளது.

தீர்ப்பாயத்தின் பகுப்பு நடைமுறைக்கு உதவுவதுதான். ஆனால் ஒரு வடிவம் இரண்டாம் வகைக்குள் எவ்வாறு வந்து விழுகிறது என்று கேட்கவேண்டும். மாங்கோபாரே எந்த வட்டாரத்தில், யாரிடமிருந்து பதிவானது என்பது மறக்கப்பட்டு, 'வலிமை' என்று அச்சான நாளிலிருந்து அதற்குக் காவலர் இல்லாமற்போகிறது. பொதுப்பொருள் கூறுவது தீங்கற்ற எளிமையாக்கம் எனத் தோன்றும். சட்டத்தின் பார்வையில் அதன் விளைவு உரிமை மாற்றமாக முடியக்கூடும்.

2012ஆம் ஆண்டின் தீர்வுச் சட்டத்தால் தே ஹாவ் கி தூரங்காவின் உரிமை ரோங்கோஃபக்காட்டா குடியினருக்கு உறுதியாயிற்று. 2019இல், குக்கின் வருகைக்கு 250 ஆண்டுகள் நிறைந்தபோது, 1769இல் பண்டமாற்றில் சென்ற துடுப்புகளுள் சில கிஸ்போர்னில் உள்ள தைராஃபித்தி அருங்காட்சியகத்திற்கு இரவலாக வந்தன. பார்க்கின்சன் பெயரின்றி வரைந்த அச்சுருள்களை அவற்றைத் தீட்டியோரின் வழிவந்தோர் நேரில் கண்டனர். அவற்றுக்கு இன்று என்ன பெயர் இடுவது, 1930களில் வேற்றிடத்தில் கட்டப்பட்ட துக்குதுக்குப் பலகைகளை அவ்வீட்டின் உடலாக ஏற்பதா என்பன அக்குடியினர் தம்முள் பேசித் தீர்க்கவேண்டியவை.